வாங்கப்போகிறவருக்காக எழுதுங்கள்: புதிய டிவிடி, புளூ-ரே, வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வளர்ந்த வீட்டில், வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாடு முடிந்ததும் வீடியோ கேசட் ஓடத் தொடங்கும். அப்பா வேலை முடிந்து வரும் வழியில் வாடகைக் கடையில் நின்று ஒரு தமிழ்ப் படத்தை எடுத்து வருவார். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான். வந்த பிறகும் அதில் தமிழ்ப் படம் அரிதாகவே கிடைத்தது. அந்தக் கேசட்தான் எங்கள் திரையரங்கு. கடைக்காரரிடம் அப்பா படத்தின் கதையைக் கேட்டதே இல்லை. மூன்று கேள்விகள்தான் கேட்பார்: "பிரதி எப்படி? கீழே எழுத்து வருகிறதா? முழுப் படமும் இருக்கிறதா?"

பல ஆண்டுகளாக நான் வட்டுகளுக்கும் வீடியோ கேம்களுக்கும் விமர்சனம் எழுதி வருகிறேன். அந்த மூன்று கேள்விகளைவிடச் சிறந்த அளவுகோல் எனக்கு இதுவரை அகப்படவில்லை. இந்த வழிகாட்டியும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: எதை விமர்சிக்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

திரையரங்கில் ஓடிய படத்துக்கு விமர்சனம் எழுதுவது ஒரு வேலை. அதே படம் வட்டாக வீட்டுக்கு வரும்போது எழுதுவது வேறு வேலை. படம் நன்றாக இருக்கிறதா என்பது வாசகருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். அவர் அறிய விரும்புவது, இந்த வட்டுக்குக் காசு கொடுக்கலாமா என்பதை. சிறந்த படங்கள் மோசமான வட்டுகளில் வந்திருக்கின்றன. சுமாரான படங்கள் அற்புதமான வட்டுகளில் வந்திருக்கின்றன. ஆகவே படத்துக்கு ஒரு தீர்ப்பு, வட்டுக்கு ஒரு தீர்ப்பு என்று தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே நட்சத்திரக் கணக்காகக் கொடுத்தால், அந்த எண் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் விளங்காது. நான் நட்சத்திரம் கொடுப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

உங்கள் வாசகர் யார் என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். என் மனத்தில் எப்போதும் ஒரு வரவேற்பறை இருக்கிறது. சோபாவில் ஆயா, வீட்டுப் பாட்டி. அவருக்குத் தமிழ் காதில் விழுந்தால் போதும், எழுத்து வேண்டாம். பக்கத்தில் என் தங்கை. பாதி புரியும், பாதியை எழுத்தில் படிப்பாள். தரையில் அவள் மகள். அவளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம், தமிழ் என்பது கோயிலிலும் வார இறுதி வகுப்பிலும் கேட்கிற மொழி. இந்த மூவரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்க்க முடிகிறதா? நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. சென்னை வாசகருக்காக எழுதப்படும் விமர்சனம் இந்த அறைக்குப் பதில் சொல்லாது.

இரண்டாம் படி: தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் எழுதிய விமர்சனம் வட்டைப் பற்றியது அல்ல, உங்கள் தொலைக்காட்சியைப் பற்றியது. புதிய தொலைக்காட்சிகள் கடையில் கண்ணைக் கவர்வதற்கான பளிச்சென்ற அமைப்போடு வருகின்றன. அதை 'சினிமா' அல்லது 'மூவி' என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இருந்தால் சினிமா எல்லாம் சீரியல் போலத் தெரியும். கூர்மையைக் குறைத்து, படத்தின் ஓரங்கள் வெட்டுப்படாமல் முழுச் சட்டகமும் தெரிகிறதா என்று பாருங்கள். கேம் ஆடும்போது மட்டும் 'கேம்' அமைப்புக்கு மாறுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைக்கும். டர்பனின் பிற்பகல் வெயில் கண்ணாடி வழியே திரையில் விழும்போது இருண்ட காட்சிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், அல்லது இரவுக்குக் காத்திருங்கள்.

மூன்றாம் படி: உறையைப் படியுங்கள்

வட்டைப் போடும் முன் உறையோடு அரை மணி நேரம் செலவிடுவது என் வழக்கம். வாசகரின் பணம் அதிகமாக வீணாவது இங்கேதான்.

முதலில் பிராந்தியக் குறி: எந்தெந்த நாட்டுக் கருவிகளில் வட்டு ஓடும் என்பதைச் சொல்வது. டிவிடியில் தென்னாப்பிரிக்கா 2ஆம் பிராந்தியம், புளூ-ரேயில் 'பி'. பிரிட்டனும் அதே இரண்டு பிராந்தியங்களில் இருப்பதால் லண்டனிலிருந்து வரும் வட்டு இங்கே சிக்கலின்றி ஓடும். இந்தியா டிவிடியில் 5, புளூ-ரேயில் 'சி'. மலேசியா டிவிடியில் 3, புளூ-ரேயில் 'ஏ'. சென்னைக்குப் போய்வந்த சித்தப்பா ஆசையாக வாங்கிவந்த வட்டு நம் வீட்டு பிளேயரில் ஓடாமல் போவதற்கு இதுவே காரணம். எல்லாப் பிராந்தியங்களுக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட வட்டுகளும் உண்டு. ஆகவே ஊகிக்காமல், குறியைப் பார்த்து எழுதுங்கள். 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. ஆனால் அதைப் படிக்கும் கருவி வேண்டும். பிளேஸ்டேஷன் 4 படிக்காது, வட்டு செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 படிக்கும். வட்டுச் செருகியுள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் படிக்கும், சீரிஸ் எஸ்ஸில் வட்டுச் செருகியே இல்லை.

அடுத்தது வயதுக் குறி. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தியத் தணிக்கையில் 'ஏ' என்றால் வயது வந்தோருக்கு மட்டும். நம் நாட்டுத் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் குறியீட்டில் 'ஏ' என்றால் எல்லாரும் பார்க்கலாம். ஒரே எழுத்து, நேர் எதிரான பொருள். இந்திய உறையோடு வந்த வட்டில் 'ஏ' என்று கண்டு, குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன். வன்முறைக் காட்சி தொடங்கியபோது ரிமோட்டைத் தேடி எல்லாரும் எழுந்தார்கள். நம் வாரியம் வயதோடு காரணத்தையும் எழுத்தால் சொல்கிறது: வன்முறைக்கு 'வி', வசைமொழிக்கு 'எல்', நிர்வாணத்துக்கு 'என்', போதைப்பொருளுக்கு 'டி', இன, மத வெறுப்புக்கு 'பி' (P). எந்த நாட்டுக் குறி உறையில் இருக்கிறது என்று எழுதி, உங்கள் கணிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சிறு கணக்கு. ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, ஈரடுக்கு டிவிடிக்கு 8.5 ஜிபி. நம் படங்கள் நீளமானவை. 170 நிமிடப் படத்தை ஓர் அடுக்கில் அடைத்தால் ஒலியையும் சேர்த்து விநாடிக்குச் சராசரி 3.7 மெகாபிட்தான் கிடைக்கும். ஈரடுக்கில் அது 6.7 ஆகும். ஒரே வட்டில் மூன்று படங்கள் என்று விற்கிறார்களே, அங்கே ஈரடுக்காக இருந்தாலும் தலைக்கு 2.2 அளவுதான் வரும். மழைக் காட்சியிலும் கூட்ட நடனத்திலும் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். எத்தனை நிமிடம், எத்தனை அடுக்கு என்று ஒரு வரி எழுதினாலே வாசகருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வட்டின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சான வட்டு வெள்ளி நிறத்தில் மின்னும். வீட்டுக் கணினியில் எழுதிய டிவிடி பெரும்பாலும் ஊதா கலந்திருக்கும். திருட்டுப் பிரதிக்கு நான் விமர்சனம் எழுதுவதில்லை. அதில் உள்ள குறை படைத்தவர்களுடையதா, திருடியவருடையதா என்று சொல்ல வழியில்லை.

நான்காம் படி: படத்தைப் பாருங்கள், மூன்று முறை

முதல் முறை பார்வையாளராகப் பாருங்கள், குறிப்பு எடுக்காமல். இரண்டாம் முறை ஒலியை அடக்கிவிட்டுக் கண்ணால் மட்டும். மூன்றாம் முறை சப்டைட்டிலுக்காக.

கண்ணால் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது சட்டகத்தின் வடிவம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய சதுரமான பழைய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உங்கள் அகலத் திரையை முழுதாக நிரப்பினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். நடனக் காட்சியில் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள். சலங்கை ஒலிக்கிறது, கால் திரையில் இல்லை என்றால் அந்த வட்டைக் கண்டிக்கத்தான் வேண்டும். நாட்டியத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து முகத்தைப் பாருங்கள். படச்சுருளில் எடுத்த படத்துக்கு இயல்பாக நுண்துகள் உண்டு. அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்துவிட்டால் முகச் சுருக்கமும் சேர்ந்து போய்விடும், நடிகர்கள் மெழுகு பொம்மைபோல ஆகிவிடுவார்கள். ஆளின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் கூர்மையைச் செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள். வேகமான அசைவில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வந்தால் பழைய தொலைக்காட்சிப் பிரதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பட்டுப்புடவையின் சரிகை, மல்லிகைச் சரம், இருட்டில் எரியும் ஒற்றை விளக்கு ஆகிய மூன்றும் எந்தச் சோதனைப் படத்தையும்விட நல்ல சோதனைகள். குறை காணும்போது நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "சில இடங்களில் படம் மங்கல்" என்பதைவிட, "1 மணி 12ஆம் நிமிடத்தில் கோயில் காட்சியில் தீபத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது" என்பதை வாசகர் தம் வீட்டிலேயே சரிபார்க்க முடியும்.

ஐந்தாம் படி: காதால் சோதியுங்கள்

எங்கள் கோயிலில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த அத்தை எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தார். பழைய படம் ஒன்றின் டிவிடியைக் கேட்டவர், "பாட்டில் சுருதி ஏறியிருக்கிறது, இது அந்தப் பாட்டு இல்லை" என்றார். நான் நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சினிமா விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் உள்ள 'பால்' முறைத் தொலைக்காட்சிக்கு 25 சட்டகங்கள் வேண்டும். பல டிவிடிகளில் படத்தை நான்கு விழுக்காடு வேகமாக ஓட்டித்தான் இதைச் சரிக்கட்டினார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்கு மேலே போய்விடும். அத்தையின் காது பொய் சொல்லவில்லை. அன்று முதல் ஒவ்வொரு 'பால்' டிவிடியிலும் ஓட்ட நேரத்தைப் படத்தின் அசல் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுகிறேன். வெட்டு இருக்கிறதா, வேகம் கூடியிருக்கிறதா என்பதையும் அந்த ஒப்பீடே காட்டிவிடும். வித்தியாசம் சரியாக 25இல் ஒரு பங்கு என்றால் வேகம். அதைவிட அதிகம் என்றால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. "முழுப் படமும் இருக்கிறதா?" என்று அப்பா கேட்டதற்கு இப்படித்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும். புளூ-ரே வட்டுகள் 24 சட்டகத்தையே ஏற்றுக்கொள்வதால் அவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

உறையில் 5.1 (ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழ்சுர ஒலிபெருக்கியும்) என்று போட்டிருந்தால் உடனே நம்பாதீர்கள். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவான பழைய படத்தைச் செயற்கையாக ஐந்தாகப் பிரித்திருக்கலாம். வசனம் நடு ஒலிபெருக்கியிலிருந்து தெளிவாக வருகிறதா, அறை முழுதும் எதிரொலிபோலப் பரவுகிறதா என்று கேளுங்கள். நல்ல ஒலிபெருக்கி இல்லையென்றால் நல்ல ஹெட்போன் போதும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து கும்காரம் ஆழமாக விழுகிறதா? வலந்தலையின் மீட்டு தனியாகக் கேட்கிறதா? நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது கரகரக்கிறதா? திருமணத்திலும் காவடியிலும் மேளம் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அவற்றை நம்புங்கள்.

ஆறாம் படி: சப்டைட்டில்

இங்கே நான் நிறைய இடம் எடுத்துக்கொள்வேன். நம் ஊரில் தமிழ்ப் படம் அடுத்த தலைமுறைக்குப் போகும் வாசல் இதுதான்.

ஒரு முறை புதிதாக வந்த டிவிடி ஒன்றை வாங்கிக் குடும்பமாக உட்கார்ந்தோம். வசனத்துக்கெல்லாம் எழுத்து ஒழுங்காக வந்தது. பாட்டு தொடங்கியதும் எழுத்து நின்றுவிட்டது. தங்கை மகள் என் பக்கம் திரும்பி, இப்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கதாநாயகி தன் தாயை நினைத்துப் பாடும் பாட்டு அது, கதையின் திருப்பமே அதில்தான் இருந்தது. ஆயா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அவர் ஏன் அழுகிறார் என்று புரியவில்லை. ஆறு பாட்டுகளுக்கும் அதே கதி. உறையில் 'ஆங்கில சப்டைட்டில்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அன்றிலிருந்து என் விமர்சனங்களில் "பாட்டுகளுக்குச் சப்டைட்டில்: உண்டு அல்லது இல்லை" என்று தனி வரி இருக்கிறது. நீங்களும் வையுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. தமிழ் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கே அவர் சிரிக்கத் தவறுகிறார், எங்கே கேள்வி கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மொழி தெரிவதால் நீங்கள் எழுத்தைப் படிக்காமலே புரிந்துகொள்வீர்கள், குறை தெரியாது. பிறகு நீங்களே ஒலியை அடக்கிவிட்டு ஒரு இருபது நிமிடம் எழுத்தை மட்டும் படியுங்கள்.

உறவுமுறைச் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்துவிட்டால், யார் யாரை மணக்கலாம் என்பதைச் சுற்றி நகரும் குடும்பக் கதை குழம்பிவிடும். நம் பிள்ளைகளுக்கு ஆயா, தாத்தா, அண்ணன், அக்கா என்ற சொற்கள் தெரியும். தமிழ் மறந்த வீட்டிலும் அவை மறையவில்லை. அவற்றை அப்படியே எழுத்துக்கூட்டிப் போட்டிருக்கும் சப்டைட்டிலைக் கண்டால் நான் மனதாரப் பாராட்டி எழுதுகிறேன். நீ, நீங்கள் என்ற மாற்றம் காட்சியின் உயிராக இருக்கும் இடங்களும் உண்டு. மரியாதையாகப் பேசிவந்தவர் திடீரென்று 'நீ' என்று சொல்லும்போது மொழிபெயர்த்தவர் ஏதாவது செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

எழுத்தின் அளவு, நிறம், வெண்வேட்டிமேல் வெள்ளை எழுத்து விழுந்து மறைவது, வசனம் முடிந்தபின் எழுத்து வருவது ஆகியவற்றுக்கு இரண்டு வரி போதும். எழுத்தை அணைக்க முடிகிறதா, படத்திலேயே பதித்துவிட்டார்களா என்பதையும் சொல்லுங்கள்.

கூடுதல் பகுதிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. முன்னோட்டப் படமும் புகைப்படத் தொகுப்பும் மட்டும் இருந்தால் 'ஒன்றுமில்லை' என்றே எழுதலாம். இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ மனம்விட்டுப் பேசும் பகுதி இருந்தால் மட்டும் நின்று விவரியுங்கள். அதற்கும் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

ஏழாம் படி: வீடியோ கேமின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அப்பாவின் மூன்றாவது கேள்வி இங்கேதான் மிகவும் தேவைப்படுகிறது. இன்று பெரிய நிறுவனத்தின் புதிய கேம் ஒன்றின் விலை ஆயிரம் ராண்டைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பணத்துக்கு வாங்கிய பெட்டிக்குள் கேம் முழுதாக இல்லாமலும் இருக்கலாம். வட்டில் ஒரு பகுதி, மீதி பதிவிறக்கத்தில். 2025 ஜூன் 5 அன்று வெளியான நின்டென்டோ சுவிட்ச் 2இல், சில கேம்களின் அட்டையில் திறவுகோல் மட்டுமே இருக்கிறது. கேம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும்.

ஆகவே முதல் சோதனையை இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். வட்டைப் போடுங்கள், நிறுவுங்கள், தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் எதுவரை ஆட முடிகிறது? பிறகு இணைத்து, முதல் நாள் திருத்தம் (வெளியான அன்றே இறக்கச் சொல்லும் மென்பொருள் திருத்தம்) எத்தனை ஜிபி என்று குறியுங்கள். விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்புள்ள வீட்டில் 100 ஜிபி இறங்க ஏறக்குறைய 22 மணி நேரம் பிடிக்கும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் அது நடக்காத காரியம். பிளேஸ்டேஷன் 5இன் முதல் வடிவத்தில் 825 ஜிபி சேமிப்பு என்று சொன்னாலும் கேம்களுக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். இதோடு ஒப்பிட்டு எழுதினால், புதியதை நிறுவ எதை அழிக்க வேண்டியிருக்கும் என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

எட்டாம் படி: ஆடுங்கள், குறிப்பு எடுங்கள், மறுபடி ஆடுங்கள்

முதல் மணி நேரத்தில் வரும் எண்ணத்தை உடனே எழுதி வையுங்கள். பத்தாவது மணி நேரத்தில் அது மாறியிருக்கும், ஆனால் வாங்குபவரும் அந்த முதல் மணி நேரத்தைக் கடந்துதான் வர வேண்டும். முடித்த பிறகே தீர்ப்பு எழுதுங்கள். முடிக்க இயலாத அளவுக்கு நீளம் என்றால் எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வாசகர் அதை மதிப்பார்.

பல கேம்களில் அழகுக்கு ஓர் அமைப்பு, வேகத்துக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு இருக்கும். விநாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிவிநாடி, 30 என்றால் 33.3. வேகம் நிலையாக இருப்பதுதான் முக்கியம். 60இலிருந்து அடிக்கடி சரிந்து தடுமாறுவதைவிட, அசையாத 30 கண்ணுக்கு இதமானது. மக்கள் நிறைந்த தெரு, பெரிய வெடிப்பு, வேகமாகக் கேமராவைத் திருப்புவது ஆகிய மூன்று இடங்களிலும் சோதியுங்கள்.

நம் நாட்டு வாசகருக்காகச் சோதிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் வெளிநாட்டு விமர்சனங்களில் வருவதில்லை. ஒன்று, மின்வெட்டு. 2022, 2023 ஆண்டுகளில் ஆறாம் நிலை லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்து நடந்த மின்வெட்டை, அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நினைத்த இடத்தில் நாமே சேமிக்க முடிகிறதா? நாற்பது நிமிடம் ஆடியபின் மின்சாரம் போனால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? இதைச் சோதிக்க மின்கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள், கருவி கெட்டுப்போகலாம். சேமிக்கும் குறி திரையில் தோன்றும் நேரங்களைக் குறித்தாலே போதும்.

மற்றொன்று, தூரம். டர்பனிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 9,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 95 மில்லிவிநாடி என்பது இயற்கை வைத்த எல்லை. கடலடிக் கம்பியோ நேர்க்கோட்டில் போவதில்லை. 2009இல் வந்த சீகாம் கம்பி நமக்கு வடக்கே முட்டுன்சினியில் கரையேறி, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைச் சுற்றி வருகிறது. ஆகவே ஐரோப்பியச் சர்வரில் ஆடும்போது 150 மில்லிவிநாடிக்கு மேல் போவது இயல்பு. அது 60 சட்டகக் கணக்கில் ஒன்பது சட்டகங்கள். எதிரி சுட்டு முடித்த பிறகுதான் உங்கள் திரையில் துப்பாக்கியைத் தூக்குவான். ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ சர்வர் இருக்கிறதா, இரவு எட்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஆட்கள் கிடைக்கிறார்களா, தாமதம் எவ்வளவு என்று எண்ணோடு எழுதுங்கள். சண்டை கேமுக்கும் சுடும் கேமுக்கும் இந்த ஒரு பத்தியே விமர்சனத்தின் இதயம்.

ஒரே சோபாவில் இருவர் சேர்ந்து ஆட முடிகிறதா என்பதையும் நான் எப்போதும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் கூடும் வீடுகளில் அது பெரிய விஷயம். கேப் டவுனைச் சேர்ந்த ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனத்தின் 'புரோஃபோர்ஸ்' ஒரே திரையில் நால்வருக்கு இடம் தருகிறது. அதே நிறுவனம் உருவாக்கி 2023இல் வெளியான 'டெர்ரா நில்' முற்றிலும் வேறு: பாழ்நிலத்தைப் பசுமையாக்கும், சண்டையே இல்லாத கேம், தனியாக ஆடுவது.

ஒன்பதாம் படி: உள்ளே மறைந்திருக்கும் கட்டணம்

கேமுக்குள் கடை இருக்கிறதா? அழகுக்கு மட்டும் விற்கிறார்களா, வெற்றிக்கே விற்கிறார்களா? என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு போட்டுத் திறக்கும் பெட்டி இருக்கிறதா? அது இருந்தால் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், கடைசியில் தள்ளாதீர்கள். பெற்றோரின் வங்கி அட்டை கருவியில் பதிவாகியிருக்கும் வீட்டில் குழந்தை ஆடப்போகிற கேம் இது.

பத்தாம் படி: நீளத்தை விலையால் வகுக்காதீர்கள்

எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை மட்டும் வைத்து மதிப்பிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜூலை 31 அன்று டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அம்மாவின் கறைபடிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். மகன் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகிப்போகிறான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதைப் பெற்றது. மணிக்கணக்கை விலையால் வகுத்தால் இது தோற்றுவிடும். ஆனால் நான்கைந்து தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்யும் என்பதை என் தங்கை வீட்டில் பார்த்தேன். ஆடி முடித்ததும் அவள் மகள் அடுக்களைக்குப் போய் ஆயாவிடம் புட்டுக்குழல் எங்கே என்று கேட்டாள். அது ஒரு கேபினட்டின் மேல்தட்டில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தது. விமர்சனத்தில் நான் கேமின் நீளத்தையும் விலையையும் ஒளிக்காமல் எழுதினேன், புட்டுக்குழலைப் பற்றியும் எழுதினேன்.

பதினோராம் படி: எழுதுவது

கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். திருப்பத்தைச் சொல்லவே வேண்டாம். முதல் பத்தியில் என்ன பொருள், எந்த வடிவம், எங்கே வாங்கியது, என்ன விலை, யாருக்கு ஏற்றது. விலையைச் சொல்லும்போது 15 விழுக்காடு வாட் வரி சேர்ந்ததா என்றும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவு எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைத்த பிரதி என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

"அருமையான ஒலி, ஒளி, கட்டாயம் வாங்கலாம்" என்ற வாக்கியத்தை எந்த வட்டுக்கும் ஒட்டலாம். எந்த வட்டுக்கும் ஒட்டும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "ஈரடுக்கு டிவிடி, 164 நிமிடம், எல்லாப் பிராந்தியத்திலும் ஓடும். பகல் காட்சிகள் தெளிவு, இரவுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஐந்து பாட்டுகளில் மூன்றுக்குச் சப்டைட்டில் இல்லை. தமிழ் புரியும் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம். பேரப்பிள்ளைகளோடு பார்ப்பதற்கு ஏற்றதல்ல." இதில் அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் படித்தவர் முடிவெடுத்துவிடுவார்.

கடுமையாக எழுத நேர்ந்தால் குறையைச் சுட்டுங்கள், செய்தவரைத் திட்டாதீர்கள். சப்டைட்டில் எழுதியவர் குறைந்த கூலிக்கு ஓரிரவில் எழுதியிருக்கலாம். வெளியிட்ட நிறுவனம்தான் பொறுப்பு.

பன்னிரண்டாம் படி: திரும்பி வாருங்கள்

வட்டு மாறாது, கேம் மாறும். வெளியான நாளில் தடுமாறிய கேம் மூன்று வாரத்தில் திருத்தத்துக்குப்பின் சீராகியிருக்கலாம். சீராக இருந்ததற்குள் புதிதாகக் கடை வைத்திருக்கலாம். ஆகவே எந்தத் தேதியில், எந்தப் பதிப்பு எண்ணில் ஆடினீர்கள் என்று விமர்சனத்தின் தலையில் போடுங்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கும். ஒரு மாதம் கழித்துத் திருத்தங்களை இறக்கி, முதலில் தடுமாறிய அதே மூன்று இடங்களுக்குப் போய் ஆடிப் பார்த்து, அந்தக் கீழ்ப்பாதியை நிரப்பி, விமர்சனத்தோடு தேதியிட்டுச் சேர்க்கிறேன்.